தொட்டியில் பன்னிரண்டு, ஏரியில் பதினொன்று

எங்கள் வீட்டு வாசலுக்கு ஐந்து படிகள். பெரிய மழை வந்த வருடம் தண்ணீர் ஐந்தையும் தாண்டி உள்ளே வந்தது. கூடத்து அலமாரியில் இரண்டாவது தட்டு வரை ஏறியது. வடிந்த பிறகு அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். அதற்குப் பின் இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று, கோட்டை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அன்று என் மனைவி சாப்பாட்டு மேசையின் மேல் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவள் முழங்கால்கள் நன்றாக இருந்தன. தானே இறங்கி, தொடையளவு தண்ணீரில் நடந்து, முதல் மாடிக்குப் போகும் இருபத்திரண்டு படிகளையும் தானே ஏறினாள்.

இப்போது இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. வலது கால் சரியாக மடங்குவதில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு பதினாறு எட்டு வைக்க வேண்டும். அதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குகிறாள். தண்ணீர் வந்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். எனக்கு எழுபத்து நான்கு வயது. அவளைத் தூக்க என்னால் முடியாது. புரட்டாசி முடிந்து காற்று திசை மாறும்போதெல்லாம் எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான். ஆனால் சென்ற ஆண்டு ஆடியிலிருந்து அந்தப் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பின் பின்சுவரிலிருந்து ஏரிக்கரை முந்நூற்று நாற்பது எட்டு. ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, எங்கள் சுவரை ஒட்டிய கால்வாயில் ஓடிவிடும். கலங்கலுக்கு ஏழு கண்கள். ஏழும் திறந்திருந்தால் எங்களுக்கு ஆபத்தில்லை. அடைத்துக்கொண்டால் தண்ணீர் கரை தாழ்ந்த பக்கமாக வரும். தாழ்ந்த பக்கம் எங்கள் பக்கம்.

பறவைகள் வருகின்றன என்பதற்காக ஏரியையும் சுற்றியுள்ள நாணல் புதர்களையும் வேலி போட்டு, பாதுகாக்கப்பட்ட பகுதி என்று பச்சைப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் எட்டு விதிகள். ஆறாவது விதி: வெளியிலிருந்து செடி, மீன், பிராணி எதையும் கொண்டுவந்து உள்ளே விடக்கூடாது. காலை நடைக்குப் போகும்போது நான் தினமும் அதைப் படிப்பேன். பிறருக்கும் படித்துக் காட்டுவேன். ஒருவர் கண்ணாடித் தொட்டி மீன்களை பாலிதீன் பையில் கொண்டுவந்து ஏரியில் விடப்போனபோது, அவரைப் பலகை வரை அழைத்துப் போய் ஆறாவது விதியை விரல் வைத்துப் படித்தேன். ஏரிக் காவலர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவருக்கு நான் 'ரூல்ஸ் நைனா'. அவர் இந்த ஊர்க்காரர். எங்கள் குடியிருப்பு நிற்கும் இடத்தில் அவர் குடும்பம் மூன்று போகம் நெல் விளைவித்ததாம். எங்கள் கூடம் இருப்பது அவர்கள் களத்துமேட்டில் என்று ஒருமுறை சொன்னார். தாழ்வான களத்துமேடா என்று கேட்டேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

சென்ற ஆண்டு சித்திரையில் நசரத்பேட்டை தாண்டி, நெடுஞ்சாலை ஓரம் செடி விற்பவரிடம் இரண்டு ஆகாயத்தாமரை வாங்கினேன். வீட்டை விட்டு வெளியே போக முடியாத மனைவிக்கு ஜன்னலிலிருந்து பார்க்க ஏதாவது பூ வேண்டும் என்று நினைத்தேன். பழைய சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். ஊதா நிறப் பூ, ஒரு இதழில் மட்டும் மயில் கண் போல மஞ்சள் பொட்டு. மனைவி பூவைப் பறிக்கச் சொல்லி லட்சுமி படத்துக்கு வைப்பாள். ஆடி பிறந்தபோது இரண்டு செடிகள் பன்னிரண்டாகியிருந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன் நான். கையிருப்பு குறைவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பிறகு கொசுப்புழு சோதனை செய்யும் பெண் வந்தாள். கரண்டியால் தொட்டித் தண்ணீரை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இருபத்தாறு புழுக்கள் நெளிந்தன.

"இன்னா தாத்தா இது, ஊட்டுக்குள்ளயே ஏரி கட்டிகினு கீற?"

"சாமிக்குப் பூ வைக்கிற செடிம்மா."

"சாமிக்குப் பூ சரி. டெங்கு வந்தா சாமியா வந்து குளுகோஸ் ஏத்தப் போவுது? இன்னிக்கே கவுத்துடு. சனிக்கிழம வருவேன். அப்பவும் தண்ணி கீதுன்னா பேரு எழுதிகினு போயிருவேன், சொல்லிட்டேன்."

தொட்டியைக் கவிழ்ப்பதில் சிக்கல் இல்லை. செடிகளை என்ன செய்வது? குப்பை வண்டியில் போடுகிறேன் என்றேன். கட்டிலிலிருந்து மனைவி பதறினாள்.

"ஏங்க, சாமிக்குப் பூ கொடுத்த செடிங்க அது. குப்பையில போடுவாங்களா? கால்படாத இடமாப் பார்த்து, தண்ணியில விட்டுட்டு வாங்க."

எங்கள் வீடுகளில் இதுதான் வழக்கம். வாடிய பூமாலை, உடைந்த விளக்கு, நிறம் போன சாமி படம், எதுவானாலும் காலில் மிதிபடக் கூடாது. கிணறு இருந்த காலத்தில் கிணறு, இப்போது ஏரி. நான் யோசிக்கவே இல்லை. ஆறாவது விதி நினைவுக்கு வந்ததா என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். வந்தது. ஆனால் அது மீன் விடுகிறவர்களுக்கானது, நான் செய்வது பூஜை சம்பந்தப்பட்டது என்று எனக்குள் ஏதோ ஒன்று தனிக் கணக்குப் போட்டது.

கலங்கலை ஒட்டி நாணலுக்குப் பின்னால் ஒரு பழைய படித்துறை உண்டு. கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. வேலியில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி இருந்தது. அதை அடைக்கச் சொல்லிக் காவலரிடம் இரண்டு முறை புகார் செய்தவன் நான்தான். அதன் வழியாகவே நுழைந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் வைத்தேன். பதினொன்று. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: தொட்டியில் காலை 12, ஏரியில் 11, வித்தியாசம் 1. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

பத்தாவது நாள் போய்ப் பார்த்தேன். பதினான்கு இருந்தன. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டவன் போலச் சந்தோஷப்பட்டேன். அடுத்த மாதம் முப்பத்தொன்று. அதற்கடுத்து எழுபதுக்கு மேல். பிறகு ஒரு செடி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தை மாதம் முதல் நோட்டில் எண்ணிக்கை இல்லை. நீட்டிய கையை அளவாக வைத்து, 'பத்துக் கை அகலம்', 'இருபது கை அகலம்' என்றுதான் இருக்கிறது. அந்த ஆண்டு மழை குறைவு, அதனால் தப்பித்தோம். இந்த ஆண்டு சித்திரையில் காவலர் ஏரி நடுவில் மிதந்த ஒரு பச்சைத் திட்டைக் காட்டி என்னிடம் சொன்னார்:

"பாத்தியா நைனா, வெங்காயத்தாமர. எவனோ பேமானி வுட்டுட்டான். இது ஏரிய முழுங்காம போவாது. எங்க நைனா காலத்துல ஒரு குட்டைல வந்துச்சி. அந்தக் குட்டையே இப்ப இல்ல."

நான் ஆகாயத்தாமரை என்று வாங்கியதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். "அப்படியா?" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

அடுத்த நாள் மதியம் முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் படித்துறைக்குப் போனேன். நானே எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகும் என்று நினைத்தேன். பத்தொன்பது செடிகளை இழுத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் கறுத்த வேர்கள் ஈரத் தாடி போலத் தொங்கின. இருபதாவதுக்காக ஒரு படி கீழே இறங்கினேன். அங்கே படி இல்லை. இலைகளின் மேல் வைத்த கால் அப்படியே உள்ளே போயிற்று. முழங்கால், தொடை என்று இறங்கியது. கீழே சேறு. வேர்கள் கெண்டைக்காலைச் சுற்றிக்கொண்டன. இழுக்க இழுக்க இறுகின. ஏதோ ஒன்று, பாம்போ மீனோ, என் காலை உரசிக்கொண்டு போயிற்று. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கத்தினால் காவலர் வருவார், வந்தால் பார்ப்பார். வாயை மூடிக்கொண்டேன். இங்கேயே முடிந்துவிட்டால் என்னைத் தேடி வரக்கூட என் மனைவியால் முடியாது, பதினாறு எட்டில் இரண்டு முறை நிற்கிறவள் என்று நினைத்தேன். நாணல் வேரைப் பிடித்து வெளியே வந்தபோது ஒரு செருப்பு இல்லை. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. மனைவியிடம், செருப்பு சாலையில் அறுந்துவிட்டது என்றேன்.

அதற்குப் பிறகு நான் படித்துறைப் பக்கம் போகவில்லை. ஆடிக் காற்று திட்டுகளை மெல்ல எதிர்க்கரைக்கு, மேல் ஏரியிலிருந்து தண்ணீர் வந்து சேரும் வரத்துக் கால்வாய் முகத்துக்குத் தள்ளியது. எல்லோரும் அங்கே பார்த்தார்கள், அங்கேயே பேசினார்கள். மேல் ஏரியிலிருந்து கால்வாய் வழியாக வந்திருக்கிறது என்று முடிவும் செய்தார்கள். எனக்கு மட்டும் தெரியும், தாய்ச்செடிகள் கலங்கலின் வாயிலேயே நாணலுக்குள் மறைந்திருக்கின்றன என்று. நடைக்குப் போகும்போது கலங்கல் கண்களை எண்ணுவேன். முன்பக்கம் இருந்து பார்த்தால் ஏழும் தெரிந்தன. பின்பக்கம், ஏரிப் பக்கம், எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

இந்த ஆண்டு ஐப்பசி முதல் வாரம் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். மிதவை மேல் ஏற்றிய ஒரு பொக்லைன் இயந்திரமும் லாரியில் வந்து இறங்கியது. வானிலை அறிக்கையில் மூன்று நாளில் கனமழை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கரையில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் பதினான்கு பேர் நின்றோம்.

"வண்டி ரெண்டு நாள்தான் நமக்கு," என்றார் அதிகாரி. "மூணாவது நாள் வேற ஏரிக்குப் போயிடும். அதனால வரத்துக் கால்வாய் பக்கம் தொடங்கறோம். அங்கேதான் அடர்த்தியா இருக்கு."

இயந்திரம் எதிர்க்கரைப் பக்கம் திரும்பியது. இரண்டு நாள் அங்கே எடுப்பார்கள். மூன்றாம் நாள் மழை வரும், காற்று மாறும். நாணலுக்குள் இருப்பதெல்லாம் வெள்ளத்தோடு கிளம்பிக் கலங்கலில் உட்காரும். பிறகு ஐந்து படிகள், பென்சில் கோடு, கட்டிலில் அவள். பதினான்கு பேருக்கு முன்னால் வாயைத் திறப்பதா, வேண்டாமா என்று கால் விரல்களால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தேன். இயந்திரம் இருபது எட்டுத் தூரம் போய்விட்டது.

"அங்கே இல்லைம்மா," என்றேன். "இங்கே. கலங்கல் பக்கம், நாணலுக்குள்ளே. அங்கேதான் ஆரம்பம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"நான்தான் விட்டேன். பதினொன்று."

காவலர்தான் முதலில் வாய் திறந்தார்.

"இன்னா நைனா சொல்ற? நீயா? மீனு வுட வந்தவன போர்டு வரிக்கும் இஸ்துகினு போனியே, அந்த நீயா?"

"நான்தான்."

"ஆறாவது ரூலுன்னு வெரல வச்சிப் படிச்சியே! அதுக்கு மின்னாடி வுட்டியா, பின்னாடி வுட்டியா?"

"பின்னாடி."

"அதையும் எண்ணிகினுதான் வுட்டியா? பதினொன்னு!" அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "பேமானின்னு சொன்னனே, நைனா பக்கத்துலயே நின்னுகினு 'அப்படியா'ன்னுச்சி!"

சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நான் எடுத்து நீட்டிய நோட்டை வாங்கி நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். 14, 31, 70, பிறகு கை அகலங்கள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாமே சார்," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் இருந்த களைப்புதான் என்னைக் குத்தியது.

காவலர் தெப்பத்தில் ஏறி நாணலுக்குள் போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கேலி இல்லை. கையிலிருந்த மூங்கில் கழியைக் காட்டினார்.

"கழி எறங்கல மேடம். கொக்கு மேல நடக்குது. ஏழு கண்ணுல அஞ்சு கண்ணு பின்னால அடச்சிகினு கீது."

ஐந்து. மிச்சம் இரண்டு.

இயந்திரத்தைத் திருப்பினார்கள். இரண்டு நாளும் கலங்கல் பக்கம்தான். மொத்தம் நாற்பத்து மூன்று டிராக்டர் நடை. தண்ணீரிலிருந்து தள்ளி மேட்டில் கொட்டினார்கள். இரண்டாம் நாள் மாலை இயந்திரம் லாரியில் ஏறியபோது எதிர்க்கரைத் திட்டுகள் அப்படியே இருந்தன. தை மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று அதிகாரி சொன்னார்.

மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து மழை. அரிசி, பருப்பு, அவளுடைய மருந்து, எல்லாவற்றையும் அலமாரியின் மேல் தட்டுக்கு மாற்றினேன். பதினேழு பொருட்கள். பதினொரு மணிக்கு முதல் படி மூழ்கியது. மூன்று மணிக்கு இரண்டாவது. மனைவி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாள்.

"எத்தனாவது படிங்க?"

"ரெண்டு."

"மூணாவது தெரியுதா?"

"தெரியுது."

நாலரை மணிக்குக் காவலர் கைபேசியில் கூப்பிட்டார். "ஏழு கண்ணும் போவுது நைனா. இந்தா, கேளு." கைபேசியைக் கலங்கல் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். பெரிய இரைச்சல். அதை மனைவியின் காதில் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஐந்தரைக்குத் தண்ணீர் இரண்டாவது படியிலேயே நின்றது. ஆறு மணிக்கு அதன் விளிம்பு வெளியே தெரிந்தது.

அப்போதுதான் அவள் சொன்னாள்: "ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. செடிங்கள ஏரியில விட்டீங்களே, அன்னிக்கு நீங்க குளிக்கப் போனப்ப, ஒரு செடிய மேல் வீட்டுப் பொண்ணு கேட்டுதுன்னு கொடுத்துட்டேன்."

பதினைந்து மாதமாக அந்தக் கேள்விக்குறி நோட்டில் இருந்தது. நான் தப்பாக எண்ணியிருக்கவில்லை. ஒரு கணம் அந்தத் திருப்திதான் வந்தது. அடுத்த கணம் தலை தூக்கிக் கூரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை இருபத்திரண்டு படிகள் ஏறினேன். மேல் வீட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி. இருவரும் கணினி வேலை. பால்கனியில் நீல டப், டப்பில் பதினெட்டுச் செடிகள், மூன்று பூக்கள்.

"வாங்க அங்கிள், பூ பாக்க வந்தீங்களா? ஆன்ட்டி கொடுத்ததுங்க. நல்லாப் பெருகுதுங்க," என்றாள் அந்தப் பெண். "கொசு பாக்கற அக்கா போன வாரம் திட்டீட்டுப் போனாங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஏரியில விட்டறலாம்னு இருக்கேனுங்க. கால்படாத இடத்துல விடணும்னு ஆன்ட்டி சொல்லியிருக்காங்கல்லங்க."

நான் டப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஏன் கூடாது என்று சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அவளும் நானும் சேர்ந்து பதினெட்டையும் மொட்டை மாடி நீர்த்தொட்டியின் தகரக் கூரைக்கு அடியில், மழை படாத சிமெண்ட் தரையில் பரப்பினோம். வேர் மேலே இருக்கும்படி. நீர் இல்லாமல் காய்ந்து சருகாக வேண்டும், அதன் பிறகுதான் குப்பை.

கீழே இறங்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. ஒன்றிலிருந்து பதினைந்து மாதத்தில் வெறும் பதினெட்டா?

"மீதியெல்லாம் என்னம்மா செய்தாய்?"

"டப் நிறைஞ்சா ஆபீஸ்ல பிரெண்ட்ஸுக்குக் கொடுத்துருவேனுங்க. எல்லாருக்கும் அந்தப் பூ பிடிக்குமுங்க."

"எத்தனை பேருக்கு?"

"ஒரு எட்டு, ஒம்போது பேர் இருக்குமுங்க."

"எட்டா, ஒன்பதா?"

"யாருங்க அங்கிள் அதையெல்லாம் எண்ணறது?"

அவள் அப்போதே கைபேசியில் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். ஏரியில் விடாதீர்கள், காயவைத்து அழியுங்கள், படம் அனுப்புங்கள் என்று நான் சொல்லச் சொல்லத் தட்டினாள். பதில்கள் வரத் தொடங்கின. காய்ந்த செடிகளின் படங்களை அவள் ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்து காட்டுகிறாள். நான் நோட்டில் குறித்துக்கொள்கிறேன். நேற்றோடு எட்டு பேர்.

ஒன்பதாவது ஆள் உண்டா என்று அவளுக்கு நினைவில்லை. மேல் ஏரிக்கரையில் புதிதாகக் கட்டிய குடியிருப்புக்கு வீடு மாறிப் போன ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது போலவும் இருக்கிறதாம், கொடுக்கவில்லை போலவும் இருக்கிறதாம். வேலையை விட்டுவிட்ட பெண், கைபேசி எண்ணும் மாறிவிட்டது. மேல் ஏரித் தண்ணீர் எங்கள் ஏரிக்குத்தான் வரும்.

இன்று காலை காவலரிடம் இதைச் சொன்னேன். அவர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, வரத்துக் கால்வாய் பக்கம் திரும்பினார். "வா நைனா, மேல் ஏரி வரிக்கும் ஒரு நட போய் பாத்துட்டு வந்துருலாம்," என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். மேல் ஏரி இங்கிருந்து எத்தனை எட்டு என்று எனக்குத் தெரியாது.